ஒரு வரி கீழே

டைப் அடிக்க நல்ல எடிட்டர் எதுன்னு கேட்டா எடிட்டர் பேரைச் சொல்லணும், அதை விட்டுட்டு இந்த ராஜதுரை சுதந்திரத்தைப் பத்திப் பேசுறான். அக்கா, லினக்ஸ்ல எல்லாமே நம்ம இஷ்டம்க்கா, எதை வேணும்னாலும் போட்டுக்கலாம், எல்லாம் ஃப்ரீக்கா. இஷ்டம்தான், யாரு இல்லேன்னது. போன மாசம் வரைக்கும் எங்க பிரஸ்ல இந்த கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு குட்டி எடிட்டர் இருந்துச்சு, நான் பாட்டுக்கு அதை வெச்சுப் பொழைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வேலையை ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டினாப் போதும், பார்த்துக்கிட்டு, அப்புறம் அதையே எத்தனை தடவ சொன்னாலும் அதுவாச் செய்யும். மாக்ரோன்னு பேரு. பேரு கூட ராஜதுரை சொல்லித்தான் தெரியும், நான் அதை ரிப்பீட்டுன்னுதான் சொல்லுவேன். வைரஸ் வந்து ரெண்டு வருஷத்து ஃபைல் நாசமாப் போனதும் முதலாளி அண்ணாச்சி பயந்துபோய் இவனைக் கூப்பிட்டார். இவன் வந்தான், மொத்தத்தையும் தொடைச்சான், லினக்ஸைப் போட்டான், இனிமே வைரஸே வராது அண்ணாச்சின்னான், டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டான். வைரஸ் வரலைதான். என் குட்டி எடிட்டரும் வரலை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வெச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கேன், நாலு மணி டீ வர்றதுக்குள்ள இன்னைக்கு ஒரு முடிவு எடுத்தாகணும், ஏன்னா இன்னைக்கும் முடிவெடுக்கலேன்னா நாளைக்குக் காலையில இருந்து கையாலதான் செய்யணும், கையால செய்ய கை இல்லை.

கை இருக்கு. இருக்கத்தான் இருக்கு, அஞ்சு விரலும் இருக்கு. இந்த சிவகாசியில அப்படிச் சொல்லிக்கிறதே பெரிய விஷயம். மிஷின் ஹால்ல நிக்கிற பொன்னுப்பாண்டி அண்ணனுக்கு ரெண்டு விரல் பட்டாசுல போயிருச்சு, மிச்சத்தை வெச்சுக்கிட்டு அவர் தாள் அடுக்குறதைப் பார்த்தா சீட்டுக் குலுக்குற மாதிரி இருக்கும். அவர் ஒரு நாளும் கை வலின்னு சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் முழுசா இருந்தும் மணிக்கட்டுக்குள்ள ஒரு நரம்பு நசுங்குதாம். விருதுநகர் டாக்டர் அம்மா என் கையை மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்துட்டு, என்ன வேலை பார்க்கிறீங்கன்னாங்க. காலண்டர் டைப் அடிக்கிறேன்னேன். தினம் ஒரு தாள் கிழிப்பீங்கள்ல மேடம், அந்தத் தாள்ல இருக்கிற தேதி, திதி, ராசிபலன் எல்லாம் நான் அடிக்கிறதுதான்னேன். அவங்க பின்னாடி செவுத்துல கூட எங்க காலண்டர்தான் தொங்குச்சு, சொல்லலை. வலிக்குதா, மரத்துப் போகுதான்னு கேட்டாங்க. வலிதான் மேடம்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, வலிச்சா மருந்து, மணிக்கட்டுக்குப் பட்டைன்னு கொஞ்ச நாள் பார்க்கலாம், மரத்துப் போச்சுன்னா தள்ளிப் போடக் கூடாது, உடனே ஆபரேஷன் பண்ணிடணும், நரம்பு செத்துப் போச்சுன்னா திரும்ப வராதுன்னாங்க. நான் யோசிச்சுத்தான் சொன்னேன். வலிதான். உயிர் போற வலி. அதுவும் ஒரு வாரமா வலிகூடக் குறைஞ்சிருக்கு, சுபா அப்பாகிட்டச் சொன்னேன், பட்டை கட்டினது வேலை செய்யுதுங்க, ஆடி பதினெட்டு வரைக்கும் இது தாங்கிரும்னு. அவர் நம்பின மாதிரி தலையை ஆட்டிட்டு லாரிக்குத் தார்ப்பாய் கட்டப் போயிட்டார்.

ஆடி பதினெட்டு அன்னைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைச் சாமிக்கு வெச்சுப் பூஜை போட்டு வெளியிடுவாங்க. ஊர் முழுக்க அன்னைக்குத்தான். அதுக்குள்ள வருஷம் மொத்தமும் தயாரா இருக்கணும், ஊருக்கு இன்னும் இந்த வருஷத்துல பாதி பாக்கி இருக்கும், எனக்கு மட்டும் அடுத்த வருஷம் டிசம்பர் முப்பத்தொண்ணு முடிஞ்சு போயிருக்கணும். பஞ்சாங்கம் கணிச்சுத் தர்ற ஜோசியர் ஐயா ஃபைல் அனுப்பிட்டார். அவர் வரிசை எப்பவும் வேற, நம்ம வரிசை வேற. அவருக்கு மேல தேதி, அதுக்குக் கீழே மேஷத்துல இருந்து மீனம் வரைக்கும் பன்னெண்டு ராசி, அதுக்குக் கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். நம்ம தாள்ல ராகு காலம் தேதிக்கு நேர் கீழே வரணும், ஜனங்க தாளைக் கிழிச்சதும் முதல்ல அதைத்தான் தேடுறாங்க. ஐயா, அந்த ஒரு வரியை மட்டும் மேல போட்டு அனுப்புங்களேன்னு வருஷா வருஷம் அண்ணாச்சி கேட்கிறார், அவர் வருஷா வருஷம் ஆகட்டும்ங்கிறார். ஆகட்டும்னா ஆகாதுன்னு அர்த்தம். ஆக ஒவ்வொரு தாள்லயும் கீழே இறங்கு, அந்த வரியை வெட்டு, மேல ஏறு, ஒட்டு, அடுத்த தேதிக்கு இறங்கு. வருஷம் முழுக்க. இதைத்தான் ரிப்பீட்டு செய்யணும், வேற என்ன நான் சொத்தா கேட்டேன்.

ராஜதுரை என்னை ஒரு குரூப்ல சேர்த்து விட்டான். தமிழ் லினக்ஸ் நண்பர்கள். நல்லவங்கதான், மரியாதையா வணக்கம் சகோதரின்னாங்க. மாக்ரோ வசதி உள்ள எடிட்டர் எதுங்கன்னு கேட்டேன். ஒருத்தர் விம்ன்னார். ஒருத்தர் ஈமேக்ஸ்ன்னார். உடனே முதல் ஆள், சகோதரி எடிட்டர்தான் கேட்டாங்க, ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்கலைன்னு எழுதினார், அந்த ஈமேக்ஸ் அவ்வளவு பெருசாம், இவர் அதுக்குச் சிரிச்ச முகம் போட்டு நாலு பத்தி எழுதினார், அதுக்குள்ள மூணாவது ஆள் வந்து, நீங்க பேசாம பைத்தான்ல புரோகிராம் எழுதக் கத்துக்கங்க சகோதரி, ரெண்டே மாசம்னார். ரெண்டு மாசத்துல எனக்கு ஆடியே வந்து போயிரும். கடைசியில ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போடுறாங்களா, என்னை வெச்சுச் சண்டை போடுறாங்களான்னு தெரியாம போனைக் கவிழ்த்து வெச்சேன். அந்த ஈமேக்ஸை நெசமாவே போட்டுப் பார்த்தேன். ரிப்பீட்டு அருமையா இருக்கு, குறை சொல்ல முடியாது, ஆனா மத்த எல்லாத்துக்கும் கன்ட்ரோல் கட்டையைப் பிடிச்சுக்கிட்டே இன்னொண்ணு, அதை விடாம இன்னொண்ணு. கை வலிக்குதுன்னு வைத்தியரைத் தேடிப் போனா அவர் முதல்ல தண்டால் எடுன்னு சொன்ன கதை. நானோன்னு ஒண்ணு, சாது, கத்துக் குடுத்தா கேட்டுக்குது, மூடித் திறந்தா மறந்து போகுது. சரி, நாளைக்கு வந்து மறுபடியும் கத்துக் குடுக்கணுமா, வீட்ல ஒண்ணு இருக்கே அது போதாதா.

வீட்ல இருக்கிறது சுபா, எட்டாம் வகுப்பு. காலையில ரெட்டைச் சடை போட்டு மடிச்சு ரிப்பன் கட்டினாத்தான் பள்ளிக்கூடத்துக்குள்ளயே விடுவாங்க. இன்னைக்குக் காலையில பின்னும்போது தலையைப் பின்னாடி இழுத்துக்கிட்டு, ஏம்மா இப்படி இறுக்குற, வலிக்குதுன்னா. இறுக்கலேன்னா பத்து மணிக்கெல்லாம் அவிழ்ந்துட்டு நிப்பே, அசையாம உட்காருன்னேன். நேத்தும் அதான் சொன்னா. முந்தாநாளும். வயசு ஏற ஏற எதைத் தொட்டாலும் குத்தம். கண்ணு கலங்கித்தான் போச்சு இன்னைக்கு, நான் பார்க்கலேன்னு நெனைச்சுக்கிட்டா, கண்ணாடியில தெரிஞ்சுச்சு. ஒரு நாள் மெதுவாப் போட்டு விடணும், ஞாயித்துக்கிழமை எண்ணெய் வெச்சு. ஞாயித்துக்கிழமையும் இந்த ராகு காலம் இருக்கும், நாலரையில இருந்து ஆறு.

போன வெள்ளிக்கிழமை நடந்த கூத்தை நெனைச்சாலே இப்பவும் காது சூடாகுது. வேற ஒரு எடிட்டர், பேரு எதுக்கு, பாவம் அது என்ன செஞ்சுச்சு. ஜனவரி ஒண்ணாம் தேதித் தாள்ல செஞ்சு காட்டினேன், தாள் சரியா வந்துச்சு, ஓட விட்டேன், ஓடி முடிச்சது. எவ்வளவு நிம்மதி தெரியுமா அன்னைக்கு, எந்திரிச்சு மிஷின் ஹால் வரைக்கும் நடந்துட்டு வந்தேன். அண்ணாச்சி பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிட்டுக் கூப்பிட்டார். மாரிக்கனி, மேஷம் என் ராசிம்மான்னார். தெரியும் அண்ணாச்சின்னேன். மேஷத்துக்குக் கீழே எமகண்டம்னு இருக்கேன்னார். அடுத்த நாள் தாள்ல ரிஷபத்துக்குக் கீழே குளிகை. அதுக்கடுத்து மிதுனத்துக்குக் கீழே சூலம். அதுக்கடுத்த தாள்ல கடகத்துக்குக் கீழே மறுநாள் தேதியே வந்து உட்கார்ந்திருக்கு. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி கீழே, ஒரு வரி கீழேன்னு நழுவி நழுவி, மார்ச் மாசத்துல எந்தக் கிழமை யார் ராசிக்குள்ள இருக்குன்னே தெரியலை. மனுசர் திட்டலை, சிரிக்கவும் இல்லை. இது அச்சுக்குப் போயிருந்தா ஒருத்தன் ராகு காலத்துல தாலி கட்டியிருப்பான், அவ்வளவுதான் சொன்னார். காரணம் நான் கண்டுபிடிச்சேன். ஜோசியர் ஐயா விசேஷ நாள் வரியெல்லாம் தனியாத்தான் அனுப்புவார், ஒண்ணாம் தேதிக்கு மட்டும் ஆசைப்பட்டு ஆங்கிலப் புத்தாண்டுன்னு ஒரு வரி உள்ளயே அடிச்சு வெச்சிருக்கார். அந்தத் தாள்ல ஒரு வரி கூட, அதைப் பார்த்துக் கத்துக்கிட்டது எல்லாத் தாள்லயும் ஒரு வரி கூட இறங்குது. எனக்குச் சமாதானமாப் போச்சு. ஜோசியரால வந்த வினை, எடிட்டரால வந்த வினை, நம்ம மேல ஒண்ணும் இல்லை.

ஆக மிச்சம் இருக்கிறது விம். இதுல பெரிய தமாஷ், எழுத்து அடிக்கிறது வேற நேரம், கட்டளை போடுறது வேற நேரம். கட்டளை நேரத்துல ஜே அமுக்கினா கீழே இறங்கும், கே அமுக்கினா மேல ஏறும், டி ரெண்டு தடவ அமுக்கினா வரி வெட்டுப்படும். எனக்கோ தமிழ் கீபோர்டு எப்பவும் போட்டே இருக்கும், ஜேன்னு நெனைச்சு அமுக்கினா அது எனக்கென்னன்னு சும்மா நிக்குது. ஒரு மணி நேரம் அதோட மல்லுக்கட்டின பிறகுதான் புத்தி வந்து இங்கிலீஷுக்கு மாத்தினேன். எண்ணைப் போட்டு ஜே அமுக்கினா ஒரே தாவாத் தாவுமாம், நான் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரலை, ஒண்ணொண்ணா அமுக்கித்தான் போறேன். சரி, இந்தத் தடவை உஷாரா ஜனவரி ரெண்டாம் தேதியில வெச்சேன். அதுல புத்தாண்டும் கிடையாது, பொங்கலும் கிடையாது, அனாதையான தேதி. ரெக்கார்டு போட்டேன். ராகு காலம் வர்ற வரைக்கும் திரையைப் பார்த்துக்கிட்டே இறங்கினேன், கொஞ்சம் தாண்டிப் போச்சு, ஏறிக்கிட்டேன், வெட்டினேன், மேல போய் ஒட்டினேன், பொருத்தமா விழுந்துச்சு. அதுக்கப்புறம் அடுத்த தேதிக்கு இறங்கணும், பதினாறு வரி, கண்ணு பழக்கத்துல காப்பிப் பக்கம், அதான் பார்த்து அடிக்கிற மூலத் தாள் பக்கம், போயிருச்சு. காப்பியில கண்ணு, கீபோர்டு கட்டையில கை, வாய்க்குள்ள எண்ணிக்கை, இது டைப்ரைட்டிங் கிளாஸ்ல பழகினது, திரையைப் பார்த்து அடிக்கிறவங்களைக் கண்டா எனக்கு இளக்காரம். பதினாறு வரைக்கும் எண்ணினேன், நிறுத்தினேன். ஓட விட்டேன்.

மூணாந்தேதி ரிஷபத்துக்குக் கீழே குளிகை. நாலாந்தேதி கடகத்துக்குக் கீழே மறுநாள் தேதி. இந்தத் தடவை ரெண்டு ரெண்டு வரியா நழுவுது, இது போன தடவையை விட மோசம். ஜோசியர் வரி இல்லையே, புத்தாண்டு இல்லையே, எடிட்டரையும் மாத்தியாச்சே, இன்னும் என்னதான் வேணும் உனக்குன்னு அந்தத் திரையைப் பார்த்துக் கேட்டேன், வாய்விட்டே கேட்டுட்டேன் போல, அடுத்த ரூம்ல இருந்து அண்ணாச்சி என்னம்மான்னார். ஒண்ணுமில்லை அண்ணாச்சி. ராஜதுரைக்குப் போன் போட்டேன். ஏன்டா, உன் லினக்ஸுக்கு எண்ணத் தெரியாதாடான்னேன். அக்கா, மாக்ரோ தப்பு பண்ணாதுக்கா. அப்ப நான் தப்பு பண்றேனா. அப்படிச் சொல்லலைக்கா, நீங்க அமுக்கினது அப்படியே எழுத்தா உள்ள இருக்கும், அதை எடுத்து ஒட்டிப் பாருங்க, விம்ல அது ஒரு சௌகரியம், மத்ததுல இவ்வளவு லேசாப் பார்க்க முடியாதுன்னு சொல்லி, எதை எதை அமுக்கணும்னு ஒவ்வொண்ணாச் சொன்னான். இதுவும் ஒரு சௌகரியமா, நான் அமுக்கினது எனக்குத் தெரியாதாக்கும், நான்தானே அமுக்கினேன். ஒட்டினேன்.

ஒரே வரி. ஜே ஜே ஜேன்னு போகுது, நடுவுல கே, மறுபடி ஜே, மறுபடி கே. கொஞ்சம் தாண்டிப் போச்சுன்னு நெனைச்சேனே, ஒரு தடவ இல்லை, நாலு தடவ தாண்டி நாலு தடவ ஏறியிருக்கேன். வெட்டினது ஒழுங்கா இருக்கு, டி இடது கை. ஒட்டினது ஒழுங்கா இருக்கு, அது பி, வலது கை சுண்டு விரல். கடைசியா வர்ற ஜேக்களை எண்ணினேன். பதினெட்டு. தப்பா எண்ணிட்டேன்னு பென்சில் முனையைத் திரையில வெச்சு வெச்சு எண்ணினேன், பதினெட்டுதான். வாய் பதினாறுன்னு சொல்லியிருக்கு, விரல் பதினெட்டு அமுக்கியிருக்கு. எப்படி. ஒரு தடவ அமுக்கினதை அமுக்கலேன்னு நெனைச்சு மறுபடி அமுக்கினாத்தான் அப்படி வரும். அமுக்கினது தெரியலேன்னாத்தான் மறுபடி அமுக்கத் தோணும். தெரியாம எப்படி இருக்கும், விரல் நுனியில கட்டை குத்துமே, அது தெரியாதா. ஜே எந்த விரல். வலது ஆள்காட்டி விரல். அதைத் தூக்கி முகத்துக்கு நேரா வெச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு, நகத்துல மருதாணி கூட இன்னும் போகலை. பென்சில் முனையாலக் குத்தினேன். இடது கை ஆள்காட்டி விரல்ல குத்தினேன், சுருக்குன்னுச்சு. வலதுல மறுபடி குத்தினேன், பென்சில் அங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது, விரலுக்குத் தெரியலை. ஒரு வாரமா வலி குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட்டேனே. பட்டை வேலை செய்யுதுன்னேனே அவர்கிட்ட.

டீ வந்துச்சு. பொன்னுப்பாண்டி அண்ணன்தான் எல்லாருக்கும் கொண்டாந்து வைப்பார், மிச்சம் இருக்கிற விரல்ல தம்ளர் விளிம்பைப் பிடிச்சு, ஆவி பறக்க. பார்த்தும்மா, கொதிக்குதுன்னார். அவருக்குக் கொதிக்குது. நான் வலது ஆள்காட்டியை நீட்டித் தம்ளர் வயித்துல வெச்சேன், வெச்சுக்கிட்டே இருந்தேன், அவர் பார்த்துக்கிட்டே நின்னார். ஏம்மா, சுடலையான்னார். ஆறிப் போச்சு அண்ணேன்னேன். அவர் தம்ளரை எடுத்து மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளி வெச்சுட்டுப் போனார். விரல் செவந்து போயிருந்துச்சு. எனக்குப் பயம்னா பயம், மரத்துப் போச்சுன்னா தள்ளிப் போடக் கூடாதுன்னு அந்த அம்மா சொன்னது குரலோட காதுல கேட்குது, நரம்பு செத்துப் போச்சுன்னா திரும்ப வராது, எப்ப இருந்து இப்படி, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியேவா, அப்ப அந்தப் புத்தாண்டு வரியும் காரணமில்லையா, பாவம் ஜோசியர், பாவம் அந்தப் பேர் சொல்லாத எடிட்டர், ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் வைஞ்சேன், நாலு எடிட்டரை மாத்தினேன், விரலை ஒரு வார்த்தை கேட்கலை.

ஜோசியர் ஐயா ஃபைலைப் புதுசாத் திறந்து, ரெண்டாந்தேதியில மறுபடி ரெக்கார்டு போட்டு, இடது கையை ஜேக்குக் கொண்டு போனேன். குறுக்க வெச்சு, திரையைப் பார்த்துக்கிட்டே, இளக்காரம் எல்லாம் போதும்னு, ஒவ்வொரு வரியா. விரல் நுனியில கட்டை குத்துறது ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுச்சு, அது எவ்வளவு பெரிய விஷயம்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாது. ஓட விட்டேன். மூணாந்தேதி, ராகு காலம் தேதிக்குக் கீழே. நாலு, அஞ்சு. மார்ச்சுல பார்த்தேன், ஆகஸ்ட்டுல பார்த்தேன், டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் அது அதோட இடத்துல நிக்குது. ஒண்ணாந்தேதியை மட்டும் கையால சரி பண்ணினேன். சரி, விம்தான், எடுத்தாச்சு முடிவு, குரூப்ல அந்த ஆளு ஜெயிச்சார்.

அண்ணாச்சி ரூம் வாசல்ல போய் நின்னேன். வருஷம் வந்துருச்சு அண்ணாச்சி, பிரிண்ட் எடுத்துப் பாருங்க, எனக்கு நாளையில இருந்து லீவு வேணும், கையை ஆபரேஷன் பண்ணணும்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, ஆடி பதினெட்டு மட்டும் முடிஞ்சுரட்டுமேம்மா, அதுவரைக்கும் தாங்காதான்னார். இதையேதான் நானும் ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டிருந்தேன், அதே வார்த்தை. தாங்காது அண்ணாச்சி, மரத்துப் போச்சுன்னேன். முதல் தடவையா வாயால சொன்னேன், சொன்னதும் கண்ணு கலங்கிருச்சு. அவர் என் கையைப் பார்த்துட்டு, போயிட்டு வாம்மான்னார். சீட்டுக்கு வந்து சுபா அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கலை, லாரி ஓட்டுவார். பையைத் தோள்ல மாட்டினேன், வார் பதிஞ்சது தெரியுது, ஜிப்பை இழுத்த விரல்ல ஒண்ணும் தெரியலை. காலையில சடையை இழுத்ததும் இந்த விரல்தான். மணி நாலரை, பள்ளிக்கூடம் விட்டிருப்பாங்க. வீட்டுக்குப் போனதும் சுபாவைப் பக்கத்துல உட்கார வெச்சுக் கேட்கணும், காலையில ரொம்ப வலிச்சுச்சான்னு.